கூழ் காய்ச்சிய பேய்களும் காலை அடுப்பில் வைத்த பேயும்



இன்னைக்கு சுகர், பிரஷர், கொழுப்பு எதுவும் கிடையாது. பேய்ப்படம் பத்திப் பேசப் போறேன். அதுவும் வெள்ளைப் புடவை கட்டிப் பாட்டுப் பாடிட்டுப் போற பேய் இல்ல. குடல் வெளிய வரும், கை துண்டாகும், தியேட்டரே விழுந்து விழுந்து சிரிக்கும். அந்த வகை.

த்ரெட் நீளம். டீ எடுத்துட்டு வந்துடுங்க.

நான் வேலை பாக்குறது பழவேற்காடு ஏரிப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில. ஓபிக்கு வர்றதுல பெரும்பாலானவங்க மீனவ குப்பத்து மக்கள். கெளுத்தி முள் ஏறினது, வலை இழுத்துத் தோள்பட்டை போனது, போட் இஞ்சின்ல விரல் மாட்டினது. எனக்குப் பேய்ப்படம் பிடிக்கும்னு இங்க எல்லாருக்கும் தெரியும். தையல் போட்டுட்டு இருக்கும்போதே "டாக்டர், டிமான்ட்டி காலனி ரெண்டு பாத்தாச்சா?"ன்னு கேப்பாங்க. கேக்குறவர் கையில ஏழு தையல் ஓடிட்டு இருக்கும்.

இந்த ரசனை மேல ரெண்டு குற்றச்சாட்டு உண்டு. ஒண்ணு, "இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வக்கிரம், நம்ம மரபுல இப்படிக் கிடையாது". ரெண்டு, "இந்தப் படங்கள்தான் ஜனங்களை மூடநம்பிக்கையில தள்ளுது". முதல் குற்றச்சாட்டுக்கு வரலாறு பதில் சொல்லும். ரெண்டாவதுக்கு அவ்வளவு சுலபமா பதில் சொல்ல முடியாது. அதைக் கடைசியில பாப்போம்.

பழவேற்காடு வந்திருந்தீங்கன்னா டச்சுக்காரங்க கல்லறைத் தோட்டத்தைப் பாத்திருப்பீங்க. தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. வாசல்லயே ஆளுக்கு ஒரு பக்கமா ரெண்டு எலும்புக்கூடு, கல்லுல செதுக்கினது. 'சாவை மறந்துடாதே'ன்னு சொல்றதுக்காக அந்தக் காலத்து ஐரோப்பாவுல எலும்புக்கூடு செதுக்குற வழக்கம் இருந்துச்சு. இப்போ நம்ம பசங்க அதுக்குப் பக்கத்துல நின்னு அதே மாதிரி பல்லைக் காட்டி செல்ஃபி எடுக்குறாங்க. எனக்கு என்னவோ அதுதான் சரியான மரியாதைன்னு தோணும். ஏன்னா அந்த டச்சுக்காரங்க 1613ல இங்க கெல்ட்ரியா கோட்டை கட்டி, துணி வியாபாரத்தோட மனுஷங்களையும் அடிமையா வாங்கிக் கப்பலேத்தி பத்தேவியாவுக்கு, அதாவது இன்னைக்கு ஜகார்த்தாவுக்கு, அனுப்பினவங்க. இந்த ஊரோட நிஜமான ஹாரர் அதுதான். அதுக்கு யாரும் சிலை வைக்கல.

டச்சுக்காரன் வர்றதுக்கு ஐந்நூறு வருஷம் முன்னாடியே இந்த வட்டாரத்தைத் தாண்டி ஒரு படை வடக்கே போச்சு. முதலாம் குலோத்துங்கனோட தளபதி கருணாகரத் தொண்டைமான் தலைமையில, கலிங்கத்து மேல. பாலாறு, குசைத்தலை ஆறுன்னு அந்தப் படை தாண்டின ஆறுகளையெல்லாம் ஜெயங்கொண்டார் வரிசையா சொல்லியிருப்பார். குசைத்தலைங்கறது நம்ம எண்ணூர்ல கடல் சேர்ற கொசஸ்தலை ஆறுதான்.

கலிங்கத்துப்பரணி. பள்ளிக்கூடத்துல ரெண்டு பாட்டு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டு விட்டிருப்போம். முழுசாப் படிச்சவங்களுக்குத் தெரியும், அது போர் பாட்டு மட்டும் இல்ல. தமிழோட முதல் தர ரத்தக் காமெடி.

கதையை ராஜா பக்கத்துலேர்ந்து சொல்லவே மாட்டார் மனுஷன். பேய்கள் பக்கத்துலேர்ந்து சொல்வார். காளி கோயில்ல பசியில வாடிக் கெடக்குற பேய்கள். போர் முடிஞ்சதும் களத்துக்கு ஓடுதுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி சுத்தம் முக்கியமாச்சே! யானைக் கொம்பால பல் விளக்குதுங்க. யானையோட விலா எலும்பை எடுத்து நாக்கு வழிக்குதுங்க. எண்ணெய் போக மூளையைக் களியாத் தலையில தேய்ச்சுக்கிட்டு ரத்தத்துல குளிக்குதுங்க. அப்புறம் செத்தவங்க பல்லை அரிசியாக் குத்திக் கூழ் காய்ச்சி, வரிசையா உக்காந்து பரிமாறிக்குதுங்க. பந்தியில குருட்டுப் பேய் உண்டு, ஊமைப் பேய் உண்டு, பார்ப்பனப் பேய் உண்டு, சமணப் பேய் உண்டு. ஒவ்வொண்ணும் எப்படி வாங்கிக் குடிக்கும்னு ஒவ்வொரு கிண்டல். (இதுல சில கிண்டல் இன்னைக்கு நமக்கு ஒப்பாது. சரி.)

இதைவிட எனக்குப் பிடிச்ச பகுதி 'இந்திர சாலம்'. இமயமலையில வித்தை கத்துக்கிட்டு வந்த ஒரு கிழட்டுப் பேய், பசியில கெடக்குற மத்த பேய்களுக்கு முன்னாடி மாயாஜாலம் காட்டும். திடீர்னு போர்க்களம் தெரியும். ரத்த ஆறு ஓடும். தலையில்லாத உடம்பு ஆடும். பாத்துக்கிட்டு இருந்த பேய்களுக்கு எச்சில் ஊறி, ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து ரத்தத்தை அள்ளப் போகும். கையில ஒண்ணும் இருக்காது. வெறுங்கை. கடைசியில "தாயே, இதை நிறுத்தச் சொல்லு, தாங்கல"ன்னு காளிகிட்டயே கெஞ்சும்.

யோசிச்சுப் பாருங்க. இல்லாத ரத்தத்தை இருக்கிற மாதிரி காட்டுற ஒருத்தர். அதை நம்பி பதறுற ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தைப் பாத்து சிரிக்கிற நாம. 12ஆம் நூற்றாண்டுல எழுதின சினிமா தியேட்டர் இது.

புலவர் சமாச்சாரம், சாமானியனுக்கு என்னன்னு கேக்கலாம். சாமானியனுக்கு மயானக் கொள்ளை இருக்கு.

மாசி மாசம் சிவராத்திரி முடிஞ்ச கையோட, வட தமிழ்நாட்டுல அங்காளம்மன் கோயில் இருக்கிற ஊர்கள்ல நடக்கிற திருவிழா. காளி வேஷம் கட்டினவங்க நாக்கைத் துருத்திக்கிட்டு வருவாங்க. கோழியை வாயில கவ்வுவாங்க. ஆட்டுக்குடலை மாலையாப் போட்டுக்குறதும் உண்டு. ஊர்வலம் நேரா சுடுகாட்டுக்குப் போகும். இதையெல்லாம் குழந்தைங்க அப்பா தோள்ல உக்காந்து, கையில பஞ்சு மிட்டாயோட பாக்கும். எந்த சென்சாரும் கிடையாது.

இதோட கதை தெரியுமா? சிவன் பிரம்மாவோட அஞ்சாவது தலையைக் கிள்ளிடுவார். அந்த மண்டை ஓடு சிவனோட கையிலயே ஒட்டிக்கும். பிச்சை எடுத்துப் போடுற சோத்தையெல்லாம் அதுவே தின்னுடும். அம்மன் மயானத்துல சோத்தை வாரி இறைப்பா. பேராசை பிடிச்ச கபாலம் கையை விட்டு இறங்கி அதைத் தின்னப் போகும். மறுபடி கைக்கு ஏறுறதுக்குள்ள அம்மன் காலால மிதிச்சுடுவா. மேல்மலையனூர் கோயில்ல பரம்பரையா பூசை பண்றவங்க செம்படவர், அதாவது மீன்பிடிச் சமூகம். எங்கிட்ட வைத்தியத்துக்கு வர்ற பாதிப் பேருக்கு அங்காளம்மன் சொந்த அத்தை மாதிரி.

கையோட ஒட்டிக்கிட்டு சொன்னபேச்சு கேக்காத ஒரு கபாலம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. இப்போ அமெரிக்கா போறோம்.

1979ல சாம் ரெய்மின்னு இருபது வயசுப் பையன், நண்பர்களைக் கூட்டிக்கிட்டு டென்னசி காட்டுல ஒரு மரக்குடிசையில படம் எடுக்கப் போறான். காசு கிடையாது. ரத்தத்துக்குச் சோளப் பாகுல சாயம் கலந்து ஊத்துறாங்க. அந்தப் படம்தான் 1981ல வந்த 'ஈவில் டெட்'. பிரிட்டன்ல 'இந்த வீடியோ கேசட் எல்லாம் சமூகத்தைக் கெடுக்குது'ன்னு கிளம்பின பெரிய கூச்சல்ல மாட்டின படங்கள்ல இதுவும் ஒண்ணு. அந்தக் கூச்சல்லேர்ந்து 1984ல ஒரு சட்டமே வந்துச்சு.

நம்ம ஊர்ல சட்டம் வரல. வதந்தி வந்துச்சு. "ஈவில் டெட்டைத் தியேட்டர்ல தனியா உக்காந்து பாத்தா லட்ச ரூபா பரிசு", "ஒருத்தன் போனான், காலையில செத்துக் கெடந்தான்". முப்பது வயசைத் தாண்டின எந்தத் தமிழனும் இதைக் கேக்காம வளர்ந்திருக்க முடியாது. ஊருக்கு ஊர் தியேட்டர் பேர் மட்டும் மாறும். எங்க போட் ஓட்டுற அண்ணன் ஒருத்தர் சொல்வார். திருவிழாவுக்கு டெக்கு வாடகைக்கு எடுத்து, ராத்திரி மூணு படம் போடுவாங்களாம். முதல்ல சாமி படம், அடுத்து ரஜினி படம், பொம்பளைங்க குழந்தைங்க தூங்கப் போனதும் கடைசியா 'இங்கிலீஷ் பேய்ப்படம்'. ஒரு வார்த்தை புரியாது. ஆனா யாராவது ஒருத்தர் பக்கத்துல உக்காந்து சொந்தமா வசனம் போட்டுக்கிட்டே இருப்பாராம். "அடியே, உங்க அத்தைக்காரி எழுந்து வராடி"ன்னு. கொடுத்து வச்சவங்க.

ரெய்மி 1987ல ரெண்டாம் பாகம் எடுத்தார். கிட்டத்தட்ட அதே கதை, ஆனா இந்தத் தடவை முழுக் காமெடி. ஹீரோவோட வலது கைக்குள்ள பேய் புகுந்துடும். அவன் கையே அவனை அறையும், தட்டை எடுத்து மண்டையில உடைக்கும். வேற வழியில்லாம கையை ரம்பத்தால வெட்டி, அது ஓடாம ஒரு வாளியைப் போட்டு மூடி, மேல புத்தகங்களை அடுக்குவான். மேல இருக்கிற புத்தகம் ஹெமிங்வேயோட 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்'. ஆர்ம்ஸ்னா ஆயுதம், கையும்தான். 'கைக்கு ஒரு டாட்டா'. ரத்தக் களறிக்கு நடுவுல இப்படி ஒரு சிலேடை! காளமேகம் பாத்திருந்தா எழுந்து நின்னு விசில் அடிச்சிருப்பார்.

ஒரு சின்ன மருத்துவக் குறிப்பு. கை சொன்னபேச்சு கேக்காம போறது நிஜமாவே ஒரு நோய். மூளையோட ரெண்டு பாதியையும் இணைக்கிற நரம்புப் பாலத்துல பாதிப்பு வந்தா, ஒரு கை சட்டைப் பொத்தானைப் போடும், இன்னொரு கை கழட்டும். ஏலியன் ஹேண்ட்னு பேரு. ரொம்ப அபூர்வம். கேட்டா சிரிப்பு வரும், அனுபவிக்கிறவங்களுக்கு நரகம்.

ரத்தத்தையும் சிரிப்பையும் கலக்குறது ரெய்மி கண்டுபிடிச்சதும் இல்ல. பாரிஸ்ல 1897லேர்ந்து 1962 வரைக்கும் கிரான் கின்யோல்னு ஒரு நாடகக் கொட்டகை இருந்துச்சு. ஒரே ராத்திரியில ஒரு ரத்த நாடகம், ஒரு சிரிப்பு நாடகம், மறுபடி ரத்தம்னு மாத்தி மாத்திப் போடுவாங்க. எத்தனை பேர் மயங்கி விழுந்தாங்கங்கறதை வச்சுத்தான் நாடகம் ஹிட்டான்னு முடிவு பண்ணுவாராம் முதலாளி மாக்ஸ் மோரே. அதுக்குன்னே கொட்டகையில ஒரு டாக்டரை உக்கார வச்சிருந்தாங்க. எனக்குத் தெரிஞ்சு மருத்துவத்துல இதைவிட நல்ல டியூட்டி கிடையாது.

(ரத்தத்தைப் பாத்து மயங்குறது கோழைத்தனம் இல்லீங்க. மத்த பயங்கள்ல நாடித்துடிப்பு ஏறும். ரத்தத்தைப் பாத்து வர்ற பயத்துல மட்டும் ஏறி, உடனே சடார்னு பிரஷர் இறங்கிடும். பக்கத்துல யாராவது விழுந்தா படுக்க வச்சு காலைத் தூக்கிப் பிடிங்க. முகத்துல தண்ணி தெளிக்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்ங்க.)

இப்போ நம்ம சினிமாவுக்கு வருவோம்.

தமிழ்ல முதல்ல 'ஏ' சான்றிதழ் வாங்கின படம் எதுன்னு தெரியுமா? நீங்க நினைக்கிற மாதிரிப் படம் இல்ல. எம்.ஜி.ஆர். நடிச்சு 1951ல வந்த 'மர்மயோகி'. காரணம், அதுல வர்ற ஆவிக் காட்சிகள். செருகளத்தூர் சாமா ராஜாவோட ஆவியா வந்து மிரட்டுவார். அவ்வளவுதான். வயசுக்கு வந்தவங்க மட்டும் பாக்கலாம்னு முத்திரை குத்திட்டாங்க. மயானக் கொள்ளையைத் தோள்ல உக்காந்து பாத்த குழந்தைக்கு!

அப்புறம் 1978ல வந்தா பாருங்க, 'ஜகன்மோகினி'. விட்டலாச்சார்யா எடுத்த தெலுங்குப் படம். டப் பண்ணி இங்க வந்து சக்கைப்போடு போட்டுச்சு. பழவேற்காடு ஏரிக்கு வடக்குப் பக்கம் ஆந்திரா. இங்க பல வீட்டுல தெலுங்கும் ஓடும், டப்பிங்கே தேவையில்லை. அந்தப் படத்துல விறகு இல்லாத பேய், தன் காலை நீட்டி அடுப்புல வச்சு எரிய விட்டு சமையல் பண்ணும். பாத்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க. ஜெயங்கொண்டாரோட கூழ் காய்ச்சுற பேய் எண்ணூறு வருஷம் கழிச்சு நடிக்க வந்த மாதிரி இருக்கும்.

2007ல 'முனி', 2011ல 'காஞ்சனா'. இங்கதான் ராகவா லாரன்ஸ் ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சார். ஹீரோவைப் பயந்தாங்கொள்ளி ஆக்கினார். ராத்திரி பாத்ரூம் போக அம்மாவைக் கூப்பிடுற ஹீரோ. கோவை சரளா அடிக்கிற அடியில தியேட்டர் குலுங்கும். அதுக்கப்புறம் வெள்ளம்தான். 2014ல 'யாமிருக்க பயமே', 'அரண்மனை', 2015ல 'டார்லிங்', 2016ல 'தில்லுக்கு துட்டு'. வாரத்துக்கு ஒரு பங்களா, பங்களாவுக்கு ஒரு பேய். பாதி குப்பை. சொல்லிடறேன்.

கவனிச்சீங்கன்னா இதுல சிரிப்பு இருக்கும், ரத்தம் கம்மியா இருக்கும். காரணம் பண்பாடு இல்ல, வியாபாரம். 'ஏ' வாங்கின படத்தை அப்படியே டிவியில போட முடியாது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் குடும்பத்தோட பாக்குற வியாபாரம் போயிடும். அதனால ரத்தம் தேடுறவன் இங்கிலீஷ், கொரியப் படத்துக்குப் போறான்.

ஆனா நம்ம காமெடிப் பேய்கிட்ட ஈவில் டெட் பேய்கிட்ட இல்லாத ஒண்ணு இருக்கு. வழக்கு. ஈவில் டெட் பேய்க்கு எந்த நியாயமும் கிடையாது, சும்மா கொல்லும். நம்ம பேய் மனு எழுதாத குறையா வரும். முனி, அரசியல்வாதியால ஏமாத்தப்பட்டுக் கொல்லப்பட்டவர். காஞ்சனா ஒரு திருநங்கை. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, இன்னொரு திருநங்கைப் பெண்ணை வளர்த்து டாக்டருக்குப் படிக்க வச்சு, அவளுக்கு ஆஸ்பத்திரி கட்ட வாங்கின நிலத்தை எம்.எல்.ஏ. பிடுங்கிக் கொன்னுடுவான். சரத்குமார் அந்த வேஷம் போட்டு அழுதப்போ, முதல் பாதி முழுக்கச் சிரிச்ச தியேட்டர் அப்படியே அமைதியாச்சு. துறைமுக விரிவாக்கம் வேணாம்னு வருஷக்கணக்கா மனு கொடுத்துட்டு இருக்கிற இந்தக் குப்பங்கள்ல, அந்த நிலம் பறிக்கிற காட்சியை எப்படிப் பாப்பாங்கன்னு நான் சொல்லணுமா? நான் அரசு ஊழியர். இதோட நிறுத்திக்கிறேன்.

சரி, ரெண்டாவது குற்றச்சாட்டு. மூடநம்பிக்கை.

இதை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலக் காப்பகம்னு பேர் வச்ச ஒரு கொட்டகையில தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க. ஓட முடியல. சங்கிலியில கட்டியிருந்தாங்க. பேய், செய்வினைன்னு சொல்லி தர்காவைத் தேடிக் கூட்டிட்டு வரப்பட்ட குடும்பங்களோட பிள்ளைங்க அவங்க. டாக்டரா இருக்கிற யாரும் அந்தத் தேதியை மறக்கக் கூடாது.

எங்கிட்ட வந்த ஒரு கேஸ் சொல்றேன். அடையாளம் எல்லாம் மாத்தியிருக்கேன். பிரசவம் ஆகி எட்டாவது நாள், சின்னப் பொண்ணு. மூணு நாளாத் தூக்கமே இல்ல. தனியாப் பேசுறா, குரலை மாத்திப் பேசுறா, குழந்தையைப் பாத்து "இது என்னுது இல்ல"ங்கறா. மணிக்கட்டுல கயிறு இறுகின தடம். ஏற்கெனவே ஒரு மந்திரவாதிகிட்ட ரெண்டு நாள். "காஞ்சனா படத்துல வர்ற மாதிரியே பேசுறா டாக்டர்"னு மாமியார் அழுறாங்க.

அப்போ படத்து மேலதானே தப்புன்னு நீங்க கேக்கலாம். ஆனா அவளை அங்கேர்ந்து கூட்டிட்டு வந்தது யார் தெரியுமா? கொழுந்தன். பத்தொன்பது வயசு, போட்டுக்குப் போற பையன். ஊர்ல ஒரு பேய்ப்படம் விடாத ஆள். மேக்கப் எப்படிப் போடுறாங்க, கயிறு கட்டி எப்படித் தூக்குறாங்கன்னு யூடியூப்ல தேடித் தேடிப் பாக்குறவன். எங்கிட்ட சொன்னான்: "படத்துல குரல் மாறுறது டப்பிங் சார். அதுக்கு வேற ஆள் பேசுவாங்க. அண்ணி தொண்டையிலேர்ந்து அண்ணி குரல்தான் வருது. உடம்பு கொதிக்குது. அதான் இழுத்துட்டு வந்துட்டேன்."

பிரசவத்துக்குப் பின் வர்ற மனச்சிதைவு அது, கூடவே காய்ச்சலும். ஆயிரம் பிரசவத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துல. மாத்திரைக்குக் கேக்கும். இது மனநல அவசரம், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, தாயையும் குழந்தையையும் தனியா விடக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இப்போ நல்லா இருக்கா, அந்தக் குழந்தை தடுப்பூசிக்கு வந்தா என்னைப் பாத்து அலறும். (உங்க வீட்டுல இப்படி யாராவது இருந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. எங்க போறதுன்னு தெரியலன்னா 14416, டெலி மானஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம்.)

ஒரு கேஸை வச்சு ஆராய்ச்சி முடிவு சொல்ல முடியாது. தெரியும். ஆனா நான் இங்க பாத்த வரைக்கும், பேயைப் பாத்து சிரிச்சுப் பழகினவன் பேய்க்காக யாரையும் கட்டி வைக்கல. கட்டி வைக்கிறவங்க பேயை ரொம்ப சீரியஸா எடுத்துக்கிறவங்க. நான் மன்னிக்காத படங்கள் வேற ரகம். மனநோயாளியையே காமெடி பீஸா காட்டி, சாட்டையால அடிச்சா குணமாகும்னு காட்டுற படங்கள். அதுல ஒரு சொட்டு ரத்தம்கூட இருக்காது. 'யு' சான்றிதழ் கூட வாங்கிடும்.

இந்த மக்கள் ஏன் இதுக்குச் சிரிக்கிறாங்கங்கறதுக்கு எனக்கு ஒரு பதில் இருக்கு. 2004 சுனாமியைப் பாத்த ஊருங்க இது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னைக்கு சுற்றுலா வந்தவங்க படகு ஏரியில கவிழ்ந்து இருபது பேருக்கு மேல செத்தாங்க. தண்ணியில யார் போனாலும் தேட இறங்குறது மீனவங்கதான். ஊறிப்போன உடம்பைக் கையால தூக்கிக் கரையில போடுறது எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதுல மணம் உண்டு, எடை உண்டு, கரையில நின்னு அலறுற ஒரு அம்மா உண்டு. சினிமா ரத்தத்துல இது மூணும் கிடையாது. வெறும் சோளப் பாகு. நாங்க சிரிக்கிறது அந்தப் பாகைப் பாத்து. நாள் முழுக்க ரத்தத்துல நின்னுட்டு வீட்டுல போய் இதையே பாக்குறியேன்னு கேக்குறவங்களுக்கு, அது அது இல்லைங்கறதுதான் பதில்.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு என் வரிசை: முதல்ல 'ஜகன்மோகினி' சமையல் காட்சி மட்டும். அடுத்து 'யாமிருக்க பயமே'. அப்புறம் 'காஞ்சனா', முதல் ஒண்ணு போதும், மத்ததெல்லாம் தேவையில்லை. வயிறு தாங்கினா 'ஈவில் டெட் 2', ராத்திரி, ரெண்டு மூணு பேரா உக்காந்து, யாராவது ஒருத்தர் சொந்த வசனம் போடணும். பரணியை உரையோட வாங்கிடுங்க, 'இந்திர சாலம்' பகுதியை முதல்ல படிங்க. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் பாக்கலாமான்னு கமெண்ட்ல கேக்காதீங்க. தாராளமா பாக்கலாம், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு.